நாய்க்குட்டிக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமா?

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஆசாமி வந்து சேர்ந்திருக்கிறது. வந்தபோது வயது இரண்டு மாதம் இருக்கும். செம்மண் நிறம், நாலு பாதமும் வெள்ளை. குலம், கோத்திரம் ஒன்றும் தெரியாது. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையின் மதில் ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பேரன், புத்தகப் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, இதைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டான்.

"பாட்டி, இதுக்குப் பேர் சிப்பாய்" என்றான்.

"ஏண்டா அப்படி ஒரு பேர்?"

"நம்ம ஊர்ப் பேரே சதுரங்கம்தானே! சதுரங்கத்திலே ரொம்பச் சின்னக் காய் சிப்பாய்தான், பாட்டி!"

2022-ம் வருஷம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது முதல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் ராஜா, மந்திரி என்றுதான் பேசுகிறார்கள். போகட்டும், சிப்பாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வந்த ஒரு வாரத்துக்குள் அது என் ரப்பர் செருப்பில் ஒன்றையும், வீட்டுக்காரருடைய கண்ணாடிக் கூட்டையும் தின்று தீர்த்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சாயங்காலம் என் மருமகள் கைபேசியும் கையுமாக வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நாய்க்குட்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமாம். நாமும் எடுப்போமா?"

என் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். "ஓகோ! எனக்கு ஒரு பாலிசி எடுக்கச் சொல்லி ஒரு ஏஜெண்டு பத்து வருஷம் இந்த வாசற்படியைத் தேய்த்தான். இப்போது இவனுக்கு முதல் மரியாதையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணியின் ஞாபகம் வந்துவிட்டது.

மணி எங்கள் வீட்டில் பல வருஷங்களுக்கு முன்பு இருந்த நாய். அதுவும் நாட்டு நாய்தான். கடற்கரைக்குக் கூட்டிப் போனால் மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு படகுகளுக்கு நடுவே சுற்றி வரும். ஒரு நாள் யாரோ எறிந்திருந்த மீன் துண்டை விழுங்கிவிட்டது. அதற்குள் தூண்டில் முள் இருந்தது. சாயங்காலம் வரையில் எங்களுக்குத் தெரியாது. பிறகு அது எச்சில் ஒழுகுவதையும், தண்ணீர் குடிக்க முடியாமல் கழுத்தை நீட்டுவதையும் பார்த்துப் பயந்துபோய் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "உள்ளே முள் குத்தியிருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும். என்னிடம் அதற்கு வசதி இல்லை. பட்டணத்துக்கு இப்போதே கொண்டு போங்கள்" என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டோம். அவர் சொன்ன தொகை, அன்றைக்கு எங்களுக்கு இரண்டு மாதத்துக் குடும்பச் செலவு.

நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்து நின்றோம். மாசக் கடைசி. பையனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பட்டணம் எழுபது கிலோமீட்டர். இரவு நேரம். "காலையில் பார்க்கலாம்" என்று அவர் சொன்னாரா, நான் சொன்னேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. இரண்டு பேரும் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்குள் மணி போய்விட்டது.

அன்றே கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது, அம்மா" என்றார். பிழைத்திருக்காது என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று வாசலில் நின்றபோது என் கையில் இரண்டு தங்க வளையல் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றிற்று.

ஆகையால், மருமகள் கேட்ட கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. நாலு இடத்தில் விசாரித்தேன். உங்களில் பல பேருடைய வீட்டிலும் ஒரு சிப்பாயோ, டாமியோ, ராணியோ புதிதாக வந்திருக்கலாம். தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

நாய்க்கு இன்ஷூரன்ஸ் என்பது நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்வீடன் தேசத்தில் 1924-லேயே ஒரு நாய்க்குப் பாலிசி கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 1947-ல் வந்தது. அமெரிக்காவில் 1982-ல் முதல் பாலிசி யாருக்குத் தெரியுமா? படத்திலும் டெலிவிஷனிலும் புகழ் பெற்ற லாஸி என்ற நாய்க்கு! நம் தேசத்தில் 1973-ம் வருஷம் ஆயுள் அல்லாத இன்ஷூரன்ஸ் முழுவதும் நாலு அரசாங்க நிறுவனங்களின் கைக்கு வந்தது. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை அலுவலகம் சென்னையில்தான். மாடு, ஆடு, கோழி என்ற வரிசையில் நாய்க்கும் பாலிசி கொடுக்கும் வழக்கம் அரசாங்க நிறுவனங்களில் நெடுநாளாக உண்டு. 2020-ல் பஜாஜ் அலையன்ஸ் என்ற தனியார் நிறுவனம் நாயின் வைத்தியச் செலவுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிறகு வேறு சில நிறுவனங்களும் வந்தன.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கல்பாக்கம் அணுமின் நிலையம் தெரியும். நம் தேசத்து அணு உலைகளால் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கொடுப்பதற்காக 2015-ல் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஒன்றுகூடி 1,500 கோடி ரூபாய்க்கு ஒரு நிதித் தொகுப்பு ஏற்படுத்தின. அணு உலைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும்போது, அதற்கு அடுத்த தெருவில் செருப்பைத் தின்னும் சிப்பாய்க்கு இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் பால்கார அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள், அதுதான் கேள்வி!

அவளுடைய பசு ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனபோது இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. "காதிலே வில்லை இருந்துச்சு, அதனாலே குடுத்தாங்கம்மா. வில்லை இல்லேன்னா பைசா கிடையாது" என்றாள். பிறகு சிப்பாயை மேலும் கீழும் பார்த்தாள். "இது என்ன விலைம்மா?"

"விலை ஏது? சும்மா வந்ததுதான்."

"அப்ப, இது செத்தா எதுக்குப் பணம் குடுப்பான்?"

சகோதரிகளே, விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பசு மாடு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அது போனால் வருமானம் போச்சு. இன்னொரு பசு வாங்கப் பணம் வேண்டும். ஆகவே பசுவின் விலையை இன்ஷூர் செய்கிறார்கள். நாய்க்கு வந்த பழைய பாலிசிகளும் பெரும்பாலும் இதே மாதிரிதான். நாய்க்கு ஒரு மார்க்கெட் விலை போட்டு, நோயினாலோ விபத்தினாலோ அது இறந்தால் அந்த விலையைக் கொடுப்பது. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்கினவர்களுக்கு அதில் அர்த்தம் உண்டு. மதில் ஓரத்தில் கிடைத்த சிப்பாய்க்கு என்ன விலை போடுவது?

ஆனால் மணி போன அன்றைக்கு நான் மணியின் விலைக்கா அழுதேன்? மணிக்கும் விலை கிடையாது. அன்று இரவு எட்டு மணிக்கு எங்களிடம் இல்லாமல் போனது வைத்தியச் செலவுக்குப் பணம். செத்த பிறகு வரும் பணத்தால் எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கும்போது, "ஆபரேஷன் செய்யுங்கள், டாக்டர்" என்று தயங்காமல் சொல்லுவதற்கு உதவுகிற பணம்தான் வேண்டும். ஆகவே, பாலிசிப் பத்திரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: இது இறப்புக்குப் பணம் கொடுக்கிறதா, வைத்தியத்துக்குக் கொடுக்கிறதா? ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது ஆகியவற்றை அடிப்படையாக வைத்து, மற்றவற்றை வேண்டினால் சேர்த்துக்கொள்ளும்படியான திட்டங்கள் இப்போது இருக்கின்றன. இறப்பு, தீராத நோய், காணாமல் போவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரீமியம். எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இனி, எதற்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதைப் பார்ப்போம். தடுப்பூசி, பூச்சி மருந்து, குளிப்பாட்டும் செலவு, சாப்பாடு முதலியவை சாதாரணமாகச் சேராது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குக் கிடையாது. பாலிசி எடுத்த ஆரம்ப நாட்களில் வரும் நோய்க்கும் பல திட்டங்களில் கிடையாது. முக்கியமான ஒன்று: தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய், ஊசி போடாத நாய்க்கு வந்தால் கையை விரித்துவிடுவார்கள்.

அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் நாய்க்குட்டிக்கு முதல் வருஷத்தில் பெரிய எமன், பார்வோ என்ற வைரஸ். 1978-ல் உலகம் முழுவதும் பரவிய நோய் அது. வாந்தி, ரத்தபேதி, சோர்வு என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டு போய்விடும். நோய்கண்ட நாய் போன பிறகும் அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே, இதற்கு முன் ஒரு நாய் நோயில் போன வீட்டுக்குப் புதுக் குட்டியை ஊசி போடாமல் கொண்டுவரவே கூடாது. ஆறிலிருந்து எட்டு வார வயதில் முதல் ஊசி. பிறகு பதினாறு வாரம் ஆகும் வரையில் சில வாரங்களுக்கு ஒரு முறை. மூன்று மாத வயதில் வெறிநோய்க்கு ஊசி. அப்புறம் டாக்டர் சொல்லுகிற தவணையில். இந்த வரிசை முடிகிற வரையில் குட்டியைத் தெருவில் விடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலும் நம் பக்கத்து வெப்பத்துக்கு அடிக்கடி வருவது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

ஆக, தடுப்பூசிக் கார்டுதான் முதல் பாலிசி. கையில் இருக்கிற பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.

"இன்ஷூரன்ஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நானே மாசா மாசம் சிறுவாடு சேர்த்து வைக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். உலகத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கெல்லாம் முந்தியது நம் அரிசிப் பானைதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சுக்கு மாதம் 200 ரூபாய் ஒதுக்குகிறீர்கள். வருஷத்துக்கு 2,400 ஆயிற்று. குட்டி வந்த மூன்றாவது மாதம் அது தூண்டில் முள்ளை விழுங்கினால் பானையில் இருப்பது 600 ரூபாய். சிறுவாடு நிதானமாகத்தான் வளரும். ஆபத்து அப்படி நிதானமாக வருவதில்லையே! அதே சமயம், பன்னிரண்டு வருஷம் நாய் நோய்நொடி இல்லாமல் இருந்துவிட்டால், பானைப் பணம் நம்முடையது. பிரீமியப் பணம் போனது போனதுதான்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று. உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று இரவு டாக்டர் நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்று சொன்னால், நான் வாசலுக்கு வந்து நிற்பேனா? நிற்கமாட்டேன், உள்ளேயிருந்தே சரி என்று சொல்லிவிடுவேன் என்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தேவையில்லை. நூறு கப்பல் வைத்திருக்கிற வியாபாரிக்கு ஒன்று மூழ்கினால் மீதித் தொண்ணூற்றொன்பதும் அந்த நஷ்டத்தைத் தாங்கும். ஒரே ஒரு கப்பல் வைத்திருப்பவன்தான் இன்ஷூர் செய்ய வேண்டும். என்னைப்போல வாசலுக்கு வந்து நிற்கிறவர்கள், சக்திக்குத் தகுந்தபடி ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளுவதே நல்லது.

இன்னொரு விஷயம். நாய் யாரையாவது கடித்துவிட்டால்? 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-வது பிரிவுப்படி, நாம் வளர்க்கும் பிராணியை அஜாக்கிரதையாக விட்டு, அதனால் பிறருக்கு ஆபத்து நேர இடம் கொடுத்தால், ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதைத் தவிர, கடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படியும் நேரலாம். அந்த நஷ்டஈட்டுக்கு உதவும் பகுதி சில பாலிசிகளில் உண்டு. தண்டனைக்கு எந்தப் பாலிசியும் உதவாது. சங்கிலியும் ஜாக்கிரதையும்தான் உதவும். கடிபட்டவர் யாராக இருந்தாலும், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். வெறிநோய் கண்ட பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

பாலிசி எடுப்பதென்று முடிவு செய்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்:

1. ஜாதி நாய்க்கு மட்டும்தானா, நாட்டு நாய்க்கும் உண்டா?

2. எந்த வயதில் சேர்க்கலாம்? எந்த வயது வரை புதுப்பிப்பீர்கள்? வயது ஏற ஏறப் பிரீமியம் எவ்வளவு ஏறும்?

3. பாலிசி எடுத்து எத்தனை நாள் கழித்து வரும் நோய்க்குப் பணம் கிடைக்கும்?

4. ஒவ்வொரு செலவிலும் நாங்கள் கைப்பணம் போட வேண்டிய பங்கு எவ்வளவு? ஒரு வருஷத்துக்கு உச்சவரம்பு என்ன?

5. எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போகலாமா? பணத்தை நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவீர்களா, நாங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா?

6. அடையாளத்துக்கு என்ன வேண்டும்?

ஐந்தாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதாக இருந்தால், பாலிசி இருந்தும் இரவு எட்டு மணிக்குக் கையில் பணம் வேண்டும்! ஆகவே சிறுவாட்டுப் பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டாம். பாலிசி ஒரு கை, பானை ஒரு கை, இரண்டும் இருக்கட்டும்.

ஆறாவது கேள்விக்குப் பதில், மாட்டுக்குக் காதில் வில்லை என்றால் நாய்க்குத் தோலுக்கடியில் சில்லு. நீட்டு அரிசி மணி அளவுதான் இருக்கும். கழுத்துப் பக்கம் ஊசியால் உள்ளே வைத்துவிடுகிறார்கள். அதில் 15 இலக்கத்தில் ஓர் எண். செம்மண் நிறத்தில் வெள்ளைப் பாதத்துடன் நம் கடற்கரையில் எத்தனை நாய் இல்லை? "இது அந்த நாய்தான்" என்று காட்ட அந்த எண் வேண்டும். தடுப்பூசிக் கார்டு, டாக்டர் எழுதிய வயதுச் சான்று, நாலு பக்கமும் எடுத்த போட்டோ, எல்லா ரசீதுகளும் ஒரே உறையில் இருக்கட்டும். பணம் கொடுக்க மறுப்பது அநியாயம் என்று தோன்றினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். அங்கே பலிக்காவிட்டால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது; வக்கீலும் தேவையில்லை.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். சிப்பாய்க்கு அடுத்த வாரம் இன்னொரு ஊசி பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும், நாட்டு நாயை ஏற்றுக்கொள்ளும் பாலிசி ஒன்று எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆபரேஷனும் ஆஸ்பத்திரியும் ஒன்று, பிறருக்கு நேரும் நஷ்டம் ஒன்று. இவ்வளவுதான். இறப்புக்கான பகுதியைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரீமியத்தில் பாதி தருவதாக என் வீட்டுக்காரர் தாமாகவே முன்வந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த இரவு வாசலில் நின்றது நாங்கள் இரண்டு பேரும்தானே!

சமையல் அறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து டாக்டருடைய டெலிபோன் எண், இரவில் பார்க்கும் ஆஸ்பத்திரியின் எண், கார் வைத்திருப்பவருடைய எண். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அதில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "வாயில் நரம்பு தொங்கினால் இழுக்காதே. வாந்தி எடுக்க வைக்காதே. உடனே டாக்டர்." தூண்டில் முள்ளுக்கு அதுதான் விதி.

காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது மருமகள் பார்த்துவிட்டு, "பாலிசிக்காரர் கட்டுவதற்கு முன்னாலே ஆஸ்பத்திரியில் பணம் கேட்டால் என்ன செய்வது, அத்தை?" என்றாள்.

நான் கையைத் தூக்கி வளையலைக் காட்டினேன். இந்தத் தடவை அது ஞாபகம் இருக்கிறது.